கிணத்துக்கடவில் பாதி கழுவிய தென்னந்தோப்பு

கணக்கு வாத்தியார்களுக்கு ஊர் சுற்றும் வாய்ப்பு என்றால் பெரும்பாலும் விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போய்வருவதுதான். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பதினேழு வருஷமாக வகைக்கெழுச் சமன்பாடு நடத்தும் எனக்கும் அவ்வளவுதான் வாய்த்தது என்று இருந்தேன். இந்த மே மாதம், கோயம்புத்தூரில் கணித உயிரியலுக்கு ஐந்து நாள் பயிலரங்கு நடக்கிறது என்று வாட்ஸாப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் 'உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை' என்றிருந்த ஒற்றை வரியை நம்பி விண்ணப்பித்தேன். பத்தாம் வகுப்பில் தவளைப் படம் வரைந்து பாகம் குறித்ததோடு எனக்கும் உயிரியலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போய்வந்த நாளிலிருந்து எம்.எஸ்ஸி. மாணவிகளும் சக ஆசிரியர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகலாமா, என்ன செலவு, நமக்கெல்லாம் புரியுமா? ஒரு தடவை மட்டும் போயிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். நான் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை போனது பயிலரங்குக்கு இல்லை, ஒரு தென்னந்தோப்பில் பூச்சி எண்ணுவதற்கு. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து மதுரை, கரூர், ஈரோடு வழியாக இரவு ரயில் இருக்கிறது. படுக்கை வசதிக்கு முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேலே. காலை ஏழரையை ஒட்டிக் கோவையில் இறக்கிவிடும். ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, என்ன விசேசத்துக்கு வந்திருக்கீங்க?" என்றார். உயிரினங்களைப் பற்றிய கணக்கு படிக்க வந்தேன் என்றேன். "ஓ, பயோ மேக்ஸ் குரூப்புங்களா! எம் பொண்ணுகூட அதேதானுங்க" என்றார் ஆதரவாக. பிளஸ் ஒன் பிள்ளையோடு என்னைச் சேர்த்துவிட்டாரே என்று முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான விளக்கம் அந்த ஐந்து நாளில் வேறு யாரும் தரவில்லை.

பயிலரங்கு நடந்தது நகர எல்லையில் ஒரு பல்கலைக்கழகத்தில். தங்குவதற்கு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அவர்களுடையது. முதல் மூன்று நாளும் வகுப்பறைதான். டெங்கு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு எப்படித் தாவுகிறது, புற்றுநோய்க்கு மருந்தை ஒரேயடியாகக் கொடுப்பதா இடைவெளி விட்டுக் கொடுப்பதா, கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவதை முன்கூட்டியே கணிக்க முடியுமா, இதெல்லாம் இன்றைக்குக் கணிதத் துறைகளில் நடக்கும் ஆராய்ச்சி. சிறுத்தைக்குப் புள்ளி எப்படி விழுகிறது என்பதற்கும் ஒரு சமன்பாடு இருக்கிறது. அதைத் திரையில் ஓடவிட்டார்கள். வெறும் சாம்பல் நிறத்தில் இருந்த சதுரத்தில் யாரும் வரையாமலே புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த சேலம் பேராசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

இரை-வேட்டையாடிச் சமன்பாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். இரை பெருகினால் அதைத் தின்னும் பிராணியும் பெருகும். அது பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் தின்னுவது பட்டினியில் குறையும், மறுபடி இரை தலையெடுக்கும். இரையை x, அதைத் தின்பதை y என்று வைத்து, இதை இரண்டே வரிச் சமன்பாடாக எழுதலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு கணித அறிஞர் இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். இரண்டையும் ஒரே வீதத்தில் நாம் பிடித்து வெளியே எறிந்தால், கடைசியில் ஆதாயம் இரைக்குத்தான். பிடிப்பதை நிறுத்தினால் ஆதாயம் தின்பவைக்கு; முதல் உலகப்போரில் மீன்பிடிப்பு நின்றபோது கடலில் சுறாக்களின் பங்கு ஏறியதற்கு அவர் சொன்ன காரணம் அது. நான் இதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த x உண்மையிலேயே எங்கேயாவது நீந்திக்கொண்டிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தப் பாடத்துக்குச் செய்முறை வகுப்பு எடுத்தவள் நிவேதா. மதுக்கரையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வரும் ஆய்வு மாணவி. பேச்சில் அவசரம், கையில் எப்போதும் ஒரு லென்ஸ். அவளுடைய ஆய்வு, தென்னையைப் பிடித்து ஆட்டும் சுருள் வெள்ளை ஈயையும், அதன் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவியையும் பற்றியது. ஈ இரை, குளவி வேட்டையாடி. இரண்டும் எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லும் மாதிரிக் கணக்கு தயாராக இருந்தது. அது சரியா என்று பார்க்க ஒரு முழுப் பருவத்துக்குத் தோப்பில் எண்ணிய எண்ணிக்கை வேண்டும். போன வருஷம் அவள் எண்ணிக்கொண்டிருந்த தோப்பில் பாதியிலேயே பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள். ஈயும் செத்தது, குளவியும் செத்தது, ஒரு வருஷ உழைப்பும் போனது.

"இந்த சீசனோட ஸ்காலர்ஷிப் முடியுதுங்க மேடம்" என்றாள் மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது. "மரத்துல எண்ணாம வெறும் கணக்கை மட்டும் வெச்சு தீசிஸ் குடுக்க முடியாதுன்னு சார் கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க. இந்த வாட்டியும் போச்சுன்னா அவ்வளவுதானுங்க, நாலு வருசத்தையும் மூட்டை கட்டி வெச்சுட்டு வேற வேலைக்குத்தான் போகணும்."

நான்காம் நாள் களப்பயணம். காலை எட்டரைக்குப் பல்கலைக்கழக வேன் கிளம்பியது. தனியாகப் போக நினைப்பவர்கள் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறலாம். கிணத்துக்கடவு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், முக்கால் மணி நேரம் பிடிக்கும், முப்பது ரூபாய்க்குள் அடங்கும். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை தொடங்கிவிடும். எங்கள் கரிசல் காட்டில் ஒரு மரம் இருந்தால் அதற்குப் பெயர் வைத்து அழைப்போம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம். ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே போனேன்.

தோப்பு கோகிலா அக்காவுடையது. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்றாலும் எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே பழகிவிட்டேன். கணவர் கோவையில் பம்பு உதிரிபாகப் பட்டறை நடத்துகிறார், தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. குட்டை ரக மரங்கள் என்பதால் ஏணி வைத்தாலே மட்டை கைக்கு எட்டும். நிவேதா இந்தத் தோப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். மருந்தே அடிக்கமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தது இன்னொரு காரணம்.

வேன் உள்ளே நுழைந்தபோது தோப்பில் அப்போதுதான் மழை விட்ட மாதிரி இருந்தது. மே மாத வெயிலில் ஒவ்வொரு ஓலை நுனியிலும் நீர் சொட்டியது. மரங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவந்த பிள்ளைகள் போலப் பச்சைப்பசேல் என்று நின்றன. எவ்வளவு அழகு என்று சொல்லத் திரும்பினேன். நிவேதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... மரத்தை என்ன பண்ணுனீங்க?"

"கழுவிப்போட்டனுங் கண்ணு!" கோகிலா அக்கா வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். "வெடியால எந்திரிச்சு டிராக்டர் ஸ்ப்ரேயரை வெச்சுத் தண்ணி அடிச்சனுங். வெளியூர்ல இருந்தெல்லாம் ஒறம்பரை வர்றாங்க. மரமெல்லாம் கரியப்பிப் போய் நின்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

வீட்டுக்கு வரும் சொந்தபந்தத்தை இந்தப் பக்கம் ஒறம்பரை என்கிறார்கள். முன்பின் பார்த்திராத கணக்கு வாத்தியார்கள் இருபது பேரை ஒறம்பரை ஆக்கிக்கொண்டு, அவர்கள் கண்ணில் அழுக்கு பட்டுவிடக் கூடாதே என்று ஒரு தோப்பையே குளிப்பாட்டி வைத்திருந்தார். வெள்ளை ஈ இருக்கும் மரத்தில் ஓலை மேல் கரும்பூசணம் படர்ந்து, பார்க்க அடுப்புக்கரி பூசியது போல் இருக்கும். அந்தக் கரியையும் ஈயையும் நாங்கள் பார்ப்பதற்காகத்தான் வந்தோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு சொல்லவும் முடியாது. வெள்ளை ஈக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம்தான். மருந்து அடிக்காதே என்றார்கள், அவர் அடிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எங்களோடு வேனில் வந்திருந்த நிவேதாவின் பேராசிரியர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நிவேதா ஒரு மட்டையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். போன வாரம் அடையாளத்துக்கு அவள் கட்டிய சிவப்பு நாடா அப்படியே இருந்தது. அது கட்டியிருந்த ஓலையில் ஒன்றுமே இல்லை. நாங்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ ஓர் இளநீரை என் கையில் திணித்தார்கள். அதைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஏதோ சரியில்லை என்று கோகிலா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் புரிந்துகொண்டது வேறு. "கோவிச்சுக்காதீங்க" என்றார் கையைப் பிசைந்துகொண்டு. "அக்கட்டாலப் பாதி இன்னும் அழுக்காத்தான் நிக்குதுங்க. தொட்டித் தண்ணி தீந்துபோச்சு, த்ரீ ஃபேஸ் கரண்டும் போயிருச்சு. வந்தொடனே அதையும் அடிச்சுப்போடறேன். அதுக்குள்ள எல்லாரும் வந்து ஒரு வாய் சாப்புடுங்க."

அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் தயிரும். மனசு சரியில்லாத நேரத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் நிவேதா என்னையும் இன்னும் இரண்டு பேரையும் அந்த அழுக்குப் பாதிக்குக் கூட்டிப்போனாள். வந்தவர்களுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டிவிட வேண்டும் என்ற கடமை. குரலில் உயிரே இல்லை.

அங்கேதான் நான் முதன்முதலாக அந்த ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக, ஒன்றையொன்று தொடாமல், யாரோ பொறுமையாகப் போட்டுவைத்த மாதிரி முட்டை வரிசைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தட்டையான வெளிர்மஞ்சள் குஞ்சுகள். அவற்றுக்கு நடுவே சில மட்டும் கருப்பு. "அதெல்லாம் குளவி உள்ள இருக்கறதுங்க மேடம்" என்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கருப்புக் கூட்டின் முதுகில் வட்டமாக ஒரு துளை உண்டாகி, அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர் ஒன்று வெளியே வந்தது. இறகை விரித்தது. என் பதினேழு வருஷத்து y அதுதான். கரும்பலகையில் நான் அலட்சியமாகக் கிறுக்கிய எழுத்து, கால்களை ஒன்றோடொன்று தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்திலும் வாத்தியார் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன். "தண்ணி அடிச்சா இந்தக் கருப்பும் சேர்ந்துதானே போகும்?"

"ஆமாங்க மேடம், ரெண்டும்தான் போகும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். நானும் நின்றேன். இரண்டையும் ஒரே வீதத்தில் எடுத்தால் ஆதாயம் இரைக்கு. முந்தாநாள் அவளே போட்டுக் காட்டிய கணக்கு. தோப்பில் ஒரு பாதியில் இரண்டையும் எடுத்தாயிற்று. மறுபாதியில் எடுக்கவில்லை. இரண்டு பாதியிலும் போன வாரமே எண்ணி வைத்திருக்கிறாள். ஒரு விவசாயியிடம் போய் உங்கள் தோப்பில் சரியாகப் பாதியை மட்டும் கழுவுங்கள் என்று எந்த ஆய்வு மாணவியும் கேட்டிருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. கிணற்று மோட்டார் உறுமியது, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொன்ன சொல் தவறாத கோகிலா அக்கா டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு அழுக்குப் பாதியை நோக்கி வந்துகொண்டிருந்தார். நிவேதா ஓடினாள். வாய்க்காலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். "அக்கா! வேண்டாங்க்கா! நிறுத்துங்க!" என்ற அலறலில் தோப்பிலிருந்த மைனாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. அவளுக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். என் மாணவிகள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

நிலைமையை விளக்கியபோது கோகிலா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப உம்பட படிப்பையே கெடுத்துப்போட்டனா கண்ணு நானு?" என்று நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை அக்கா, காப்பாற்றியிருக்கவும் வாய்ப்பிருக்கிறது என்றாள் நிவேதா. ஆனால் இரண்டு மாதத்துக்கு இரண்டு பாதியையும் தொடவே கூடாது. கழுவிய பாதியில் ஈ மறுபடி ஏறும், கழுவாத பாதியைவிட மோசமாக ஏறும் என்று என் கணக்கு சொல்கிறது, சம்மதமா என்று கேட்டாள்.

"சுத்தம் பண்ணுன பக்கம் மோசமாகுமா?" அக்கா அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்படியே ஆனால் நஷ்டம் அவருக்குத்தான். காய் சிறுத்துப்போகும், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு விதமாகப் பேசுவார்கள். டிராக்டர் மேல் உட்கார்ந்தபடியே கழுவிய பாதியையும் கழுவாத பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். "கெடுத்தது நானு. மரம் ரெண்டு மாசம் எப்படி நின்னாலும் நிக்கட்டும். நீ எண்ணிக்கோ அம்மணி" என்று சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.

என் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். அதை வாங்கி மோட்டார் ரூமின் தகரக் கதவில் நிவேதா இரண்டு வளைகோடுகள் வரைந்தாள். ஒன்று கழுவாத பாதிக்கு, மெதுவாக இறங்குவது. இன்னொன்று கழுவிய பாதிக்கு. அடிமட்டத்தில் தொடங்கி, கிடுகிடுவென்று ஏறி, மற்றதைத் தாண்டிப் போய், எட்டாவது வாரம் வரை உச்சியிலேயே நிற்பது. நடக்கப்போவதை நடக்கும் முன்பே எழுதிவைக்கும் அந்தக் காரியம் எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பேராசிரியர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் மாலை ஆர்.எஸ்.புரத்தில் சேலைக் கடைக்குள் நுழைந்தவள் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன் என்றால் என் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். வெளியே வந்து ஒரு கைலென்ஸ் வாங்கினேன், நூற்று எண்பது ரூபாய். அன்று இரவு ரயிலேறி ஊர் திரும்பினேன்.

அதன்பிறகு வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நிவேதாவிடமிருந்து அந்தக் கதவின் போட்டோ வரும். அந்த வாரம் கழுவிய பாதியில் எண்ணியதை ஒரு புள்ளியாக அதன் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். முதல் புள்ளி சரியாகக் கோட்டின் மேலேயே. இரண்டாவது புள்ளி கோட்டின் மேல். மூன்றாவது, கோட்டை மயிரிழையில் தொட்டுக்கொண்டு. சுத்தமான பாதியில் ஈ ஏறிக்கொண்டிருந்தது, அதுவும் அவள் வரைந்த வேகத்திலேயே. நான்காவது புள்ளி வந்த அன்று நான் சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு தகரக் கதவில் ஒரு பெண் கிறுக்கிய கோட்டின்படி லட்சக்கணக்கான பூச்சிகள் பிறந்துகொண்டிருந்தன. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஐந்தாவது புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கியது. ஆறாவது இன்னும் கீழே. அன்று மாலையே அவள் போன் செய்தாள். "எண்ணுறதுல ஏதாச்சும் தப்புப் பண்றனான்னே தெரியலைங்க மேடம். இப்படி எறங்கவே கூடாது. எந்தப் பக்கத்து ஓலைன்னு தெரியாத ஒரு ஆள் எண்ணுனாத்தான் நம்ப முடியும். வர முடியுங்களா?" பயணப்படி கிடையாது, விடுப்பும் போட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையே ரயிலேறிவிட்டேன்.

ஜூலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் காற்றுக்குத் தயாராகப் போக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் பஸ் ஜன்னலைச் சாத்தினாலும் முந்தானை நிற்காது. சாரலும் கூடவே வரும். கோகிலா அக்கா என்னைப் பார்த்ததும், "எளைச்சுப்போயிட்டீங்க" என்றார். அது உண்மையில்லை, ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தது. நிவேதாதான் இளைத்திருந்தாள்.

அக்கா ஓலைகளை வெட்டி, எந்த மரம் என்பதற்கு ஓர் எண் மட்டும் எழுதிய கவர்களில் போட்டுக் கொடுப்பார். நான் லென்ஸ் வைத்து மஞ்சள் எத்தனை, கருப்பு எத்தனை என்று சொல்வேன். நிவேதா எட்டிப் பார்க்காமல் கணினியில் ஏற்றுவாள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து, வெயில் சாயும்வரை எண்ணினோம். கண் எரிந்தது. சில கவர்களில் கருப்பு கொட்டிக் கிடந்தது, சிலவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் என்ன ஒழுங்கு இருக்க முடியும் என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கடைசிக் கவர் முடிந்ததும், எந்த எண் எந்த மரம் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். நிவேதா தோப்பின் வரைபடத்தில் நிறம் கொடுத்துக்கொண்டே வந்தாள். குளவி அதிகமென்றால் அடர்கருப்பு, குறைவென்றால் வெளிர். பாதி மரங்கள் முடியும்போதே நான் எழுந்துபோய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கழுவாத மேற்குப் பாதியை ஒட்டிய வரிசைகள் கருகருவென்று இருந்தன. அடுத்த வரிசை கொஞ்சம் வெளுத்தது. அதற்கடுத்தது இன்னும் வெளுத்தது. கிழக்குக் கோடியில் வெறும் சாம்பல். அழுக்குப் பாதியிலிருந்து கிளம்பிய குளவிகள் காற்றில் ஏறி, வரிசை வரிசையாகச் சுத்தமான பாதிக்குள் நடந்துபோன தடம் அது. சேலைத் தலைப்பில் மை கசிகிற மாதிரி அவ்வளவு சீராக இருந்தது. கையால் எண்ணியவள் நான்தான், என்னால் நம்ப முடியவில்லை.

நிவேதாவின் கணக்கில் நேரம் இருந்தது, இடம் இல்லை. எல்லாப் பூச்சியும் ஒரே பாத்திரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட சமன்பாடு. பக்கத்து மரத்திலிருந்து ஒரு குளவி பறந்துவந்து ஈயைக் குறைக்கும் என்பதற்கு அதில் ஒரு உறுப்புகூட, அதாவது கூட்டவோ கழிக்கவோ ஒரு துண்டுகூட, இல்லை. ஒரு அறையில் ஏற்றிய ஊதுபத்தி வாசனை மறுமூலைக்குப் போவதைச் சொல்லும் அதே உறுப்பை, காற்றையும் சேர்த்து, அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். கணினி புதுக் கோடு வரைந்தது. ஐந்தாவது புள்ளி சரியாகக் கோட்டின் மேலேயே இருந்தது. ஆறாவதும் அதன் மேல்தான் இருந்தது. எனக்குக் கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது வரும் கண்ணீர் வந்தது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அவள் பேராசிரியருக்குப் போன் போட்டாள். "சார், தப்பா வந்திருக்கு. நெம்ப நல்லாத் தப்பா வந்திருக்குங்க சார்!"

'தப்பு' என்பது மட்டும் கோகிலா அக்கா காதில் விழுந்து, முகம் வாடிவிட்டது. "மறுபடியும் நாந்தானா கண்ணு?" என்றார். நிவேதா சிரித்துக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்தாள். அக்கா அழுக்காக விட்ட பாதி இல்லையென்றால் குளவிக்குக் கிளம்புவதற்கு ஓர் இடமே இருந்திருக்காது என்றாள். அக்கா அந்த வரைபடத்தில் வரிசைகளை விரலால் எண்ணிவிட்டு, "அப்ப அடுத்த வாட்டி எந்த வரிசையைக் கழுவட்டும், எதை உடட்டும்?" என்று கேட்டார். நிவேதா மறுபடி கணினியை இழுத்துக்கொண்டாள். "கணக்குப் போட்டுச் சொல்றனுங்க்கா" என்றாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இப்படிப்பட்ட பயிலரங்குகள் பெரும்பாலும் கோடை விடுமுறையிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. அறிவிப்பு இரண்டு மூன்று மாதம் முன்பே பல்கலைக்கழகக் கணிதத் துறைகளின் இணையப் பக்கத்தில் வந்துவிடும், அங்கேயே தேடுங்கள், வாட்ஸாப்பை நம்பாதீர்கள். எம்.எஸ்ஸி. மாணவர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் எடுக்கிறார்கள். ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் ஊரில் நீங்கள் பார்த்த ஒரு பிரச்சினையை எழுதினால் போதும், பெரிய வார்த்தைகள் வேண்டாம். ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பல இடங்களில் படுக்கை வகுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். வேளாண்மை, மருத்துவம், மீன்வளம் என்று எல்லாத் துறையிலும் இப்போது கணக்கு தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள், ஆய்வு மாணவர் இடங்களும் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டியவர்களும் பகுதி நேரமாகச் சேரலாம், நான் விண்ணப்பித்திருக்கிறேன். தோப்புக்குப் போவதானால் தொப்பி, முழுக்கைச் சட்டை, நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு. தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது ஒரே தோப்பில் ஒரே பருவத்தில் பார்த்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் மரத்துக்கு வைத்தியம் முடிவுசெய்யாதீர்கள், வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

நிவேதாவுக்கு ஆறு மாதம் நீட்டிப்பு கிடைத்தது. ஆய்வேட்டின் நடு அத்தியாயம் முழுக்க அந்தத் தோப்புதான். அதையே ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழுக்கும் அனுப்பியிருக்கிறாள், நேற்று எனக்கும் படிக்க அனுப்பினாள். செய்முறைப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது: 'தோப்பின் கிழக்குப் பாதி நில உரிமையாளரால் நீர் பீய்ச்சிக் கழுவப்பட்டது.' ஏன் என்று முதலில் எழுதியிருந்தாளாம். ஆய்விதழில் அதற்கெல்லாம் இடமில்லை என்று பேராசிரியர் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் இந்த வலைப்பூ என்னுடையது, இதில் இடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒறம்பரை வருகிறார்கள் என்று கோகிலா அக்கா கழுவினார்.